மானாவாரி நிலத்துக்கு எரு எங்கிருந்து வரும்?

இரசாயன உரத்தைக் குறையுங்கள், இயற்கை உரத்துக்கு மாறுங்கள் என்று ஒன்றிய அரசு விவசாயிகளுக்கு இடைவிடாமல் உபதேசம் செய்து வருகிறது. 2023 ஜூன் மாதத்தில் பிரதமர்-பிரணாம் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2024 நவம்பரில் ரூ.2,481 கோடி மதிப்பீட்டில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கம் அறிவிக்கப்பட்டது. மண்ணின் வளம் காக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் நிலத்தில் இடவேண்டிய எரு யாரிடம் இருக்கிறது, அதைச் சேர்த்துச் சுமந்து பரப்பும் உழைப்பு யாருடையது, அதற்கென ஒதுக்கப்படும் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்விகளை இந்தத் திட்டங்கள் எழுப்புவதே இல்லை. இக்கேள்விகள் மற்றெந்த நிலத்தையும் விட மானாவாரி நிலத்துக்கே மிகவும் பொருந்தும்.

நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு ஏறத்தாழ 14 கோடி ஹெக்டேர். அதில் சுமார் பாதி வானத்தை நம்பியே இருக்கிறது. சோளம், கம்பு, கேழ்வரகு, துவரை, உளுந்து, கடலை, நிலக்கடலை, பருத்தி ஆகியவற்றின் பெரும்பகுதி இந்த நிலத்தில்தான் விளைகிறது. தெலங்கானாவின் செம்மண்ணாயினும் மராத்வாடாவின் கரிசலாயினும் இம்மண்ணின் பொதுக்குறை ஒன்றே: அங்ககக் கரிமம் மிகக் குறைவு. பெரும்பாலான மானாவாரி மண்ணில் அது அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. கடும் வெயிலில் மண்ணிலுள்ள மட்கு விரைந்து சிதைகிறது. அறுவடைக்குப் பிந்தைய தட்டை மாட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடுகிறது. மேல் மண் ஆடி மாதத்து முதல் பெருமழையிலேயே கரைந்தோடுகிறது. மண்ணுக்குத் திரும்பிச் சேருவது மிகக் கொஞ்சம்.

பாசன நிலத்தில் எரு என்பது பெரும்பாலும் சத்து. மானாவாரி நிலத்திலோ அது முதலில் தண்ணீர். மட்கு சேர்ந்த மண் மழைநீரை உள்வாங்கும். மேற்பரப்பில் ஓடு கட்டாது. இரு மழைகளுக்கு இடைப்பட்ட வறட்சியில் பயிரைப் பத்து நாள் கூடுதலாகத் தாங்கவைக்கும். அந்தப் பத்து நாளில்தான் அனந்தபூர் நிலக்கடலையின் விழுது மண்ணில் இறங்குமா இல்லையா என்பது முடிவாகிறது. ஆண்டுக்குச் சுமார் 550 மில்லிமீட்டர் மழையே பெறும் அந்த மாவட்டத்தில், பல பத்தாண்டுகள் ஒரே பயிராக நிலக்கடலை விதைக்கப்பட்டது. கொடியையும் சேர்த்துப் பிடுங்கி எடுக்கும் பயிர் அது. ஆண்டுதோறும் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. திரும்ப இடப்பட்டது அரிது.

எருவின் பயன் குறித்து அறிவியலில் ஐயம் ஏதுமில்லை. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கப்பட்ட நிரந்தர உரச் சோதனை வயல் நாட்டின் மிகப் பழமையான சோதனைகளுள் ஒன்று. 1970இல் அகில இந்திய ஒருங்கிணைந்த மானாவாரி வேளாண் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் பெங்களூரு மையத்தில் 1978 முதல் மானாவாரிக் கேழ்வரகில் நீண்டகாலச் சோதனை நடந்து வருகிறது. அதில் தெளிவாகத் தெரிந்தது இதுதான்: இரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்திகளில் விளைச்சல் காலப்போக்கில் சரிந்தது, எரு மட்டும் பெற்றவை நிலைத்து நின்றன, ஆனால் உச்ச விளைச்சலைத் தரவில்லை, ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரத்துடன் பரிந்துரைத்த அளவு இரசாயன உரமும் சேர்ந்து பெற்றவையே நல்ல மழையாண்டிலும் மோசமான ஆண்டிலும் முன்னின்றன. எருவா இரசாயன உரமா என்ற பட்டிமன்றம் வயலில் எப்போதோ முடிந்துவிட்டது. அரசின் மேடைகளில்தான் அது இன்னும் தொடர்கிறது.

அந்த 10 டன் எங்கிருந்து வரும்? கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணமிடும். ஆண்டுக்கு மூன்றரை டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு நீர். மேய்ச்சலில் விழுந்தது போக, கூளமும் குப்பையும் சேர்த்து மட்கவைத்தால் ஒரு மாட்டுக்கு ஒன்றரை டன், மிஞ்சினால் இரண்டு டன் தொழு உரம் கிடைக்கும். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 10 டன் இட வேண்டுமானால் ஐந்தாறு மாடுகள் தேவை. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகளும் எருமைகளும் சேர்ந்து சுமார் 30 கோடி. அவற்றின் சாணத்தில் ஒரு துளியும் வீணாகாமல், ஒரு வரட்டியும் தட்டப்படாமல் அனைத்தும் எருவானாலும் 45 கோடி டன் கிடைக்கலாம். மானாவாரி நிலத்துக்கு மட்டுமே 70 கோடி டன் தேவை. பாசன நிலமும் தோட்டப் பயிரும் தமக்கும் பங்கு கேட்கும் என்பது தனி.

ஆகவே எருவை மட்டும் கொண்டு இந்திய வேளாண்மையை நடத்திவிடலாம் என்று சொல்பவர்கள் எண்கணிதத்தைக் கைவிட்டுப் பேசுகிறார்கள். இலங்கையில் 2021இல் ஒரே ஆணையில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, சில மாதங்களிலேயே, நவம்பரில், அந்தத் தடை திரும்பப் பெறப்பட்டதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது.

செலவில்லா இயற்கை வேளாண்மை என்ற பெயரில் 2019ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையிலேயே இடம்பெற்ற ஜீவாமிர்தத்தையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண், 200 லிட்டர் நீர். ஓர் ஏக்கருக்கு இது. இவை அனைத்திலும் உள்ள தழைச்சத்தைக் கூட்டினால் சுமார் 200 கிராம் தேறும். ஏக்கருக்கு நான்கு குவிண்டால் விளையும் எளிய சோளப் பயிர்கூட மண்ணிலிருந்து 8 முதல் 10 கிலோ தழைச்சத்தை எடுக்கிறது. மாதம் ஒருமுறை தெளித்தாலும் கணக்கு நேராகாது. நுண்ணுயிர்கள் பெருகும் என்பது உண்மையாக இருக்கலாம். துவரையும் பயறும் ஊடுபயிரானால் காற்றிலிருந்து தழைச்சத்து சேரும் என்பது உறுதி. ஆனால் மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் எந்த நுண்ணுயிரும் இன்மையிலிருந்து உண்டாக்கித் தராது. ஒரு வாளி கரைசலை நம்பி எருவைக் கைவிடச் சொல்வது இயற்கை வேளாண்மை ஆகாது. அது அரசின் செலவைக் குறைக்கும் வேளாண்மை.

விவசாயிகள் யூரியாவுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று பழிப்பது வழக்கமாகிவிட்டது. ரூ.266.50 விலையுள்ள 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. அதை மிதிவண்டியின் பின்னால் வைத்துக் கட்டிவிடலாம். அதே அளவு தழைச்சத்துக்கு 4 டன் தொழு உரம் வேண்டும். குழியிலிருந்து வெட்டி எடுத்து, டிராக்டர் வாடகை கொடுத்து, கூலியாள் வைத்து இறைக்க வேண்டும். அதிலும் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு அளவே. கடனில் விதைத்து, மழை பெய்யுமா என்று தெரியாத நிலையில் நிற்கும் ஒருவர் மூட்டையைத் தேர்வு செய்தால் அது அறியாமை அல்ல. யூரியா மட்டும் மலிவாக இருப்பதற்கும் அவர் பொறுப்பல்ல. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் என்ற பெயரில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு அகற்றப்பட்டது. அதுவரை 4:2:1 என்ற அளவை ஒட்டியிருந்த தழை, மணி, சாம்பல் சத்துப் பயன்பாட்டு விகிதம் 2012-13இல் 8:3:1 ஆகிவிட்டது. சமநிலையைக் குலைத்தது நவீன தாராளமயக் கொள்கை. குற்றக்கூண்டில் நிறுத்தப்படுவது விவசாயி.

பிரணாம் திட்டத்தின் உட்பொருள் இந்தப் பின்னணியில்தான் விளங்கும். ஒரு மாநிலம் இரசாயன உரப் பயன்பாட்டைக் குறைத்தால், மிச்சமாகும் மானியத்தில் பாதி அந்த மாநிலத்துக்கு மானியக் கொடையாகத் தரப்படும். மீதிப் பாதி ஒன்றிய அரசின் கருவூலத்திலேயே தங்கிவிடும். 2022-23இல் உர மானியம் ரூ.2.5 லட்சம் கோடியாக உயர்ந்ததற்குப் பிறகு வந்த திட்டம் இது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்துடன் அங்கக உரத்துக்கு டன் ஒன்றுக்கு ரூ.1,500 சந்தை மேம்பாட்டு உதவி வழங்க ரூ.1,451 கோடி ஒதுக்கப்பட்டது. யாருடைய உரத்துக்கு? கோபர்தன் திட்டத்தின் கீழ் இயங்கும் உயிரிவாயு ஆலைகளிலிருந்து வெளிவரும் உரத்துக்கு மட்டும். வாகன எரிவாயு உற்பத்தியில் பெரும் நிறுவனங்கள் இறங்கியுள்ள நேரத்தில், அவற்றின் கழிவுக்கூழை விற்றுத்தர அரசுப் பணம் பயன்படுகிறது. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, சாணமும் கூளமும் சாம்பலும் நாள்தோறும் கொட்டி, ஓராண்டில் நான்கு டன் எரு சேர்க்கும் குடும்பத்துக்கு ஒரு காசும் கிடையாது. ஆலையின் ஒரு டன்னுக்கு மதிப்பு உண்டு. அந்தக் குடும்பத்தின் ஒரு டன்னுக்கு இல்லை. சாணம் சேர்ப்பவர்கள் ஏறத்தாழ அனைவரும் பெண்கள் என்பதால் இந்தப் புறக்கணிப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

சாணம் ஏன் வயலுக்குப் போகாமல் அடுப்புக்குப் போகிறது என்ற கேள்வி புதியதன்று. பிரிட்டிஷ் அரசு 1889இல் அனுப்பிவைத்த வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், நாடு முழுவதும் சுற்றி 1893இல் அறிக்கை அளித்தார். இந்திய உழவர் எருவின் அருமை தெரியாமல் அதை எரிக்கவில்லை, விறகு கிடைக்காததால் எரிக்கிறார் என்று அவர் கண்டார். ஊருக்கு ஊர் விறகு, தீவனக் காடுகள் வேண்டும் என்றார். காடுகளை வேலியிட்டு மூடிக்கொண்டிருந்த அரசு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2016இல் உஜ்வலா திட்டம் வந்தது. இணைப்பு இலவசம், உருளையின் விலையோ கூலிக் குடும்பத்துக்கு எட்டாதது. மாற்று உருளை வாங்க முடியாத வீடுகளில் வரட்டி மீண்டும் சுவரேறிவிட்டது. வரட்டியை நிறுத்த வேண்டுமானால் அடுப்பெரிவாயுவின் விலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது மாடு. 2012க்கும் 2019க்கும் இடைப்பட்ட ஏழே ஆண்டுகளில் நாட்டின் ஆண் மாடுகளின் எண்ணிக்கை சுமார் 6.8 கோடியிலிருந்து 4.8 கோடியாக வீழ்ந்தது. டிராக்டர் வரவு இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. உழவு மாட்டை வாங்குவதும், வயதான பின் விற்று அந்தப் பணத்துடன் கொஞ்சம் சேர்த்துப் புதிய மாடு வாங்குவதும் மானாவாரிப் பொருளாதாரத்தின் சுழற்சி. 2015 மார்ச்சில் மகாராஷ்டிரம் காளைகளுக்கும் எருதுகளுக்கும் வெட்டுத் தடையை விரிவாக்கியது. 2017 மே மாதத்தில் ஒன்றிய அரசின் கால்நடைச் சந்தை விதிகள் வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றை நிறுத்திவைத்தது. விதிகள் நின்றாலும், நெடுஞ்சாலைகளில் மாட்டு வண்டிகளை மறிக்கும் கும்பல்கள் நிற்கவில்லை. விற்க முடியாத கிழட்டு மாட்டுக்கு வறட்சியில் தீவனம் போட முடியாத விதர்பா விவசாயி அடுத்த சோடியை வாங்கவில்லை. பசுவின் பெயரால் அரசியல் நடத்துவோரால் வயலில் எரு குறைந்தது என்பதைக் கால்நடைக் கணக்கெடுப்பே காட்டுகிறது.

மாடு குறைந்த இடத்தில் ஆடு இருந்தது. தக்காணத்தில் குருபர், தங்கர், குருமர் போன்ற இடையர் சமூகத்தினர் அறுவடை முடிந்த நிலங்களில் இரவுதோறும் கிடை போட்டு, ஊர் ஊராக நகர்வார்கள். புழுக்கையும் சிறுநீரும் நேராக வயலிலேயே விழும்; குழியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். கிடைக்குத் தானியமாகவோ பணமாகவோ கூலி உண்டு. இதற்கு வழித்தடமும் மேய்ச்சல் புறம்போக்கும் தேவை. அவை தொழிற்பூங்காக்களுக்கும் சூரிய மின் நிலையங்களுக்கும் வனத்துறையின் தோட்டங்களுக்கும் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கின்றன. தரிசு என்று வருவாய்த் துறை எழுதிவைத்த நிலம்தான் மானாவாரி வயலின் எருக்களஞ்சியமாக இருந்தது. அதை இழப்பவர்களிடம் எவரும் கருத்துக் கேட்பதில்லை.

குளத்து வண்டல் இன்னொரு வளம். தெலங்கானாவில் 2015இல் தொடங்கிய மிஷன் காகதீயா குளங்களைத் தூர்வாரி, வண்டலை வயல்களில் பரப்பும் வழியைப் பெரிய அளவில் காட்டியது. வண்டலின் களிமண்ணும் மட்கும் செம்மண்ணின் ஈரப்பிடிப்பைக் கூட்டும். ஒருமுறை இட்டால் பல ஆண்டு நிற்கும். குறை எதில் என்றால், அரசு வெட்டிக் கொடுத்தது, ஏற்றிச் செல்லும் செலவு விவசாயியின் தலையில் விழுந்தது. டிராக்டர் வைத்திருந்தவர் நிறைய அள்ளினார்; இல்லாதவர் வேடிக்கை பார்த்தார்.

வரப்பில் நடும் கிளைரிசிடியா, புங்கம், வேம்பு, தரிசில் தானாக முளைக்கும் கொளுஞ்சி, முன்பருவ மழையில் விதைத்து மடக்கி உழும் சணப்பு என்று தழை உரத்துக்கும் வழிகள் உண்டு. இவற்றில் மாடில்லாத குடும்பத்துக்கு மிகவும் பொருந்துவது கிளைரிசிடியா. ஆடு மாடு விரும்பி மேயாது, வெட்ட வெட்டத் துளிர்க்கும், காய்ந்த இலையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் தழைச்சத்து உண்டு. மராட்டியத்தின் யவத்மால் மாவட்டத்தில் நாராயண் தேவ்தாவ் பாண்டரிபாண்டே உருவாக்கிய நாடெப் தொட்டி, குறைந்த சாணத்தில் நிறைய பயிர்க்கழிவை மட்கவைக்கிறது. அதற்கு முன்பே, 1920களில் இந்தோரில் ஆல்பர்ட் ஹோவர்ட், பருத்தி மாரையும் தொழுவத்து மண்ணையும் சேர்த்து மட்கு உரம் செய்யும் முறையை வகுத்திருந்தார். தொழில்நுட்பத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் உழைப்புக்கான கூலியில் இருக்கிறது.

இடதுசாரிகளின் அழுத்தத்தால் 2005இல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இதற்கான கருவியாக அமைந்திருக்கலாம். மட்கு உரத் தொட்டியும் குளம் தூர்வாருதலும் அதில் அனுமதிக்கப்பட்ட பணிகள். ஆனால் 2024-25இலும் 2025-26இலும் ஒதுக்கீடு ரூ.86,000 கோடியிலேயே நிறுத்தப்பட்டது. தொட்டி கட்டினால் கணக்கில் வரும். தொட்டியை நிரப்பி, கிளறி, வண்டியில் ஏற்றி வயலில் இறைக்கும் உழைப்பு கணக்கில் வராது. அதனால்தான் பல ஊர்களில் தொட்டிகள் நிற்கின்றன, எரு இல்லை. எருக்குழியின் கன அளவை அளந்து, நிரம்பிய குழிக்கு டன் கணக்கில் அதே ரூ.1,500ஐ ஊராட்சி வழியே குடும்பத்துக்கு வழங்குவதில் எந்த நிர்வாகச் சிக்கலும் இல்லை. ஆலைக்கு எடைபோடத் தெரிந்த அரசுக்குக் குழியை அளக்கவும் தெரியும்.

மண் ஆய்வும் இதே பாரபட்சத்தைக் காட்டுகிறது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று விதிக்கப்பட்டது. ஒரு ஹெக்டேர் வைத்திருப்பவர் கையில் உள்ள அட்டை பெரும்பாலும் அண்டை நிலத்தின் கதையைச் சொல்லும். கர்நாடகத்தில் 2009இல் தொடங்கிய பூசேதனா திட்டம், மானாவாரி மண்ணில் கந்தகமும் துத்தநாகமும் போரானும் பரவலாகக் குறைந்திருப்பதை வெளிக்கொணர்ந்தது. அவற்றைச் சிறிதளவு இட்டபோதே விளைச்சல் கூடியது. எருவும் ஒரு பிடி நுண்ணூட்டமும் கொஞ்சம் இரசாயன உரமும் சேர்ந்த முறைதான் இம்மண்ணுக்குத் தேவை; அதற்கு நம்பகமான ஆய்வு வேண்டும்.

இவை யாவும் கிடைத்தாலும் ஒரு தடை மிஞ்சும். தொழு உரத்தின் பயன் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நீளும். வாய்மொழியாக ஓராண்டுக் குத்தகைக்கு உழுபவர் தன் எருவை ஏன் அந்த நிலத்தில் கொட்ட வேண்டும்? மண் சற்று வளமானால் அடுத்த ஆண்டு குத்தகை கூடும், அல்லது நிலம் வேறொருவருக்குப் போகும். எனவே அவர் யூரியா மட்டும் இடுகிறார். பி.எம். கிசான் உதவியும் தெலங்கானாவில் 2018இல் தொடங்கிய ரைத்து பந்துவும் நிலப்பட்டா உள்ளவருக்கே சென்றன. ஆந்திரத்தில் 2011இல் இயற்றப்பட்ட உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் குத்தகைதாரருக்குக் கடன் தகுதி அட்டை தந்தது. மண்ணில் அவர் சேர்த்த வளத்துக்கு உரிமை தரவில்லை. முதலாளித்துவ வேளாண்மை உழைப்பாளியுடன் மண்ணையும் சேர்த்தே சூறையாடுகிறது என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் 1867இல் மார்க்ஸ் சுட்டிக்காட்டியதன் நேரடிப் பொருள் இந்த ஓராண்டுக் குத்தகையில் இருக்கிறது.

இதற்குத் தீர்வு கற்பனையில் தேட வேண்டியதும் அல்ல. இங்கிலாந்தில் 1883ஆம் ஆண்டின் வேளாண் நிலச் சட்டம், குத்தகைதாரர் வெளியேறும்போது அவர் வாங்கி இட்ட உரங்களில் தீராமல் எஞ்சிய மதிப்புக்கு நில உரிமையாளர் ஈடு தருவதைக் கட்டாயமாக்கியது. அந்த எஞ்சிய மதிப்பைக் கணக்கிடும் அட்டவணையை 1902இல் ஏ.டி. ஹாலுடன் சேர்ந்து வகுத்தவர், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட அதே வோல்கர்தான். ஆண்டவர்களின் நாட்டுக் குத்தகைதாரருக்குக் கிடைத்த அந்த அட்டவணை இங்கு எந்த மாநிலச் சட்டத்திலும் நுழையவில்லை. குத்தகைப் பதிவு, குறைந்தது ஐந்தாண்டுச் சாகுபடி உறுதி, இட்ட எருவுக்கு ஈடு ஆகிய மூன்றையும் சேர்த்து மாநில அரசுகள் சட்டமாக்க முடியும். நில விவகாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது, டெல்லியின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை.